கம்பெனி நர்ஸ் வேலைக்குப் போகலாமா? ஒரகடம் பக்கம் வேலை தேடும் புது நர்ஸ்களுக்கு

போன மாசம் மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே மெசேஜை அனுப்பியிருந்தீங்க. "அண்ணா, நர்சிங் முடிச்சுட்டேன். கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷனும் வந்துடுச்சு. ஒரகடம் பக்கத்துல ஒரு கம்பெனியில ஓஎச்சி நர்ஸ் வேணும்னு விளம்பரம் பார்த்தேன். வீட்டுல இருந்தே போய்வரலாம். ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகாம கம்பெனிக்குப் போனா படிச்ச படிப்பு வீணாயிடும்னு கூடப் படிச்சவங்க சொல்றாங்க. போகலாமா?"

முதல்லயே சொல்லிடறேன், நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். பிபி பார்க்கக்கூட எனக்குத் தெரியாது. ஆனா விதிகளைப் படிச்சு, கணக்குப் போட்டு, யாருக்கு எங்க என்ன கிடைக்கும்னு பிரிச்சுச் சொல்ல முடியும். கம்பெனி மருத்துவ அறைகள்ல வேலை பார்க்கிற சிலர்கிட்டயும் பேசினேன். அதெல்லாம் சேர்ந்ததுதான் இந்த எபிசோட்.

கம்பெனியில நர்ஸுக்கு என்ன வேலை?

ஓஎச்சின்னா தொழில்சார் சுகாதார மையம். கம்பெனிக்குள்ள கேட்டுக்குப் பக்கத்துலயோ கேன்டீனுக்குப் பக்கத்துலயோ இருக்கிற ஒரு மருத்துவ அறை. ரெண்டு மூணு கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர், டிரஸ்ஸிங் டிராலி, வெளியில ஒரு ஆம்புலன்ஸ். கம்பெனி ஏதோ பெரிய மனசு பண்ணி வெச்ச வசதி இல்ல இது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தோட 45-வது பிரிவு இதைக் கட்டாயமாக்குச்சு. 500 பேருக்கு மேல வழக்கமா வேலை செய்ற தொழிற்சாலையில மருத்துவ, நர்சிங் ஊழியர்களோட ஒரு ஆம்புலன்ஸ் அறை இருக்கணும். 2025 நவம்பர் 21-ல இருந்து புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கு. அதுலயும் 500 பேர்ங்கிற இந்த அளவு அப்படியே தொடருது.

பழைய சட்டத்துல ஒரு சின்ன வரி இருக்கு. கம்பெனி இயங்குற நேரம் முழுக்க அந்த வசதி எப்பவும் தயாரா இருக்கணும். வேலைவாய்ப்பு வர்றதே அந்த வரியிலதான். கணக்குப் பாருங்க. மூணு ஷிஃப்ட், ஏழு நாள் ஓடுற கம்பெனின்னா வாரத்துக்கு 21 ஷிஃப்ட். ஒரு நர்ஸ் வாரத்துக்கு ஆறு ஷிஃப்ட்தான் பார்க்க முடியும். 21-ஐ ஆறால வகுத்தா மூணரை. லீவு, உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் சேர்த்தா ஒரே அறைக்குக் குறைஞ்சது நாலு பேர் வேணும்.

அபாயகரமான செயல்முறை இருக்கிற தொழிற்சாலைகளுக்கு இன்னும் கடுமையான அளவு உண்டு. மத்திய அரசு தந்த மாதிரி விதிகள்படி, 200 பேருக்கு மேல இருந்தா முழுநேர டாக்டர் ஒருத்தர் வேணும். வேலை நேரம் முழுக்க ஒரு நர்ஸ், ஒரு டிரஸ்ஸர்-கம்-கம்பவுண்டர் இருக்கணும்.

இப்போ இந்த ரூட்டை மனசுல ஓட்டிப் பாருங்க. இருங்காட்டுக்கோட்டையில 1998-ல காரை வெளியே விட ஆரம்பிச்ச ஹூண்டாய். ஸ்ரீபெரும்புதூர்ல கண்ணாடி தயாரிக்கிற செயின்ட்-கோபைன், வீட்டு உபயோகப் பொருள் தயாரிக்கிற சாம்சங். சுங்குவார்சத்திரத்துல ஃபாக்ஸ்கான். ஒரகடத்துல 2010-ல வந்த ரெனோ-நிசான், 2012-ல வந்த டெய்ம்லர், அப்புறம் ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ். இவங்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற கம்பெனிகள் வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம்னு எல்லா சிப்காட்லயும் இருக்கு. விளம்பரம் பெரிய பேர்ல வரலாம், நீங்க கேள்வியே படாத உதிரிபாகக் கம்பெனி பேர்லயும் வரலாம்.

எந்தக் கம்பெனிங்கிறதைப் பொறுத்து உங்க வேலையும் மாறும். பிரஸ் ஷாப் இருந்தா விரல் நசுங்கல். பெயின்ட் ஷாப் இருந்தா கரைப்பான் வாசனை, கண்ணுல தெறிப்பு. கண்ணாடி, டயர் கம்பெனின்னா வெப்பம். எலக்ட்ரானிக்ஸ் லைன்ல நாள் முழுக்க நிக்கிற பொண்ணுங்க. அங்க மயக்கம், ரத்தசோகை, மாதவிடாய் வலி, பாத்ரூம் போகாம அடக்கினதால வர்ற சிறுநீர்த் தொற்று. அதனால விளம்பரத்தைப் பார்த்ததும் முதல்ல தேட வேண்டியது, அந்தக் கம்பெனி என்ன செய்யுதுங்கிறதை.

உங்களுக்குச் சம்பளம் தர்றது யார்?

பல கம்பெனிகள் மருத்துவ அறையை நேரடியா நடத்துறதில்ல. ஒரு ஆஸ்பத்திரிக்கோ, மருத்துவ ஊழியர்களை அனுப்புற ஏஜென்சிக்கோ கான்ட்ராக்ட் கொடுத்துடறாங்க. நீங்க நிக்கிறது கார் கம்பெனிக்குள்ள, ஐடி கார்டுல இருக்கிறது வேற பேர். இது தப்பு இல்ல. ஆனா இன்டர்வியூவுலயே தெளிவா கேட்டுடணும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் யார் பேர்ல வரும்? பிஎஃப், ஈஎஸ்ஐ யார் கட்டுவாங்க? கான்ட்ராக்ட் மாறினா என் வேலை என்னாகும்?

புதுச் சட்டத் தொகுப்பு ஒவ்வொரு ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுக்கணும்னு சொல்லுது. "சேருங்க, ஆர்டர் அப்புறம் மெயில்ல வரும்"னு சொன்னா, "வந்ததும் சேர்றேன் சார்"னு பணிவா சொல்லுங்க.

பேசின சம்பளம் வேற, கையில வர்றது வேற. மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய்னு வைங்க. ஈஎஸ்ஐக்கு உங்க பங்கு 0.75 சதவீதம், அதாவது 135 ரூபாய். கம்பெனி பங்கு 3.25 சதவீதம், அதாவது 585 ரூபாய். இந்த 585 உங்க சம்பளத்துல இருந்து பிடிக்கக் கூடாதது. சிடிசின்னு ஒரு பெரிய நம்பர் சொல்லி, அதுக்குள்ள முதலாளி பங்கையும் அடக்கிடுவாங்க. அதனால "பிடித்தம் எல்லாம் போக எவ்வளவு வரும்?"னு கேளுங்க.

ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை யார்கிட்டயும் விட்டு வைக்காதீங்க. சரிபார்க்கக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அறைக்குள்ள ஒரு ராத்திரி

ஆஸ்பத்திரி வார்டுல உங்களுக்கு மேல சிஸ்டர் இருப்பாங்க, ட்யூட்டி டாக்டர் இருப்பார். கம்பெனியில ராத்திரி ஷிஃப்ட்ல பெரும்பாலும் நீங்க மட்டும்தான். டாக்டர் போன்ல இருப்பார். எட்டு மணி நேரத்துல ஏழரை மணி நேரம் தலைவலி மாத்திரை, வயித்துவலி, சின்ன வெட்டுக் காயம்னே போகும். மீதி அரை மணி நேரத்துக்காகத்தான் உங்களை வெச்சிருக்காங்க.

அந்த அரை மணி நேரத்துக்கான கேள்விகள் இன்டர்வியூவுல வரும். விரல் துண்டானா அந்தத் துண்டை என்ன செய்வீங்க? சலைன்ல நனைச்ச சுத்தமான காஸ்ல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் மேல வைக்கணும். துண்டு நேரடியா ஐஸ்ல படக் கூடாது. கண்ணுல கெமிக்கல் தெறிச்சா? எது தெறிச்சதுன்னு விசாரிச்சிட்டு நிக்காம உடனே தண்ணியில கழுவ ஆரம்பிக்கணும், குறைஞ்சது 15 நிமிஷம் விடாம. கரன்ட் ஷாக் அடிச்சவரைத் தொடுறதுக்கு முன்னாடி? மின்சாரம் நிறுத்தியாச்சான்னு பார்க்கணும். புத்தகத்துல படிச்சதுதான். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குத் தனியா செய்யணும். பிஎல்எஸ் பயிற்சி எடுத்து அந்தக் கார்டைக் கையில வெச்சிருந்தா, புதுசா படிச்சு வந்தவங்களுக்கு அது நிஜமாவே உதவும். ஹிந்தி கொஞ்சம் பேசினா இன்னும் நல்லது. இந்த ரூட்ல வேலை செய்றவங்கள்ல ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார்ல இருந்து வந்தவங்க நிறைய.

ரெஜிஸ்டர்ல நீங்க எழுதுற ஒரு வரி

இந்த எபிசோடை நான் எடுத்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

காயத்தோட ஒருத்தர் உள்ளே வர்றார். கட்டுப் போடறீங்க. அப்புறம் ரெஜிஸ்டர்ல எழுதறீங்க: பேர், நேரம், எங்க, எப்படி. அந்த "எப்படி"ங்கிற கட்டத்துலதான் அவரோட பணம் இருக்கு.

ஈஎஸ்ஐ-ல ரெண்டு விதமான உதவித்தொகை உண்டு. உடம்பு சரியில்லைன்னு லீவுல இருந்தா சராசரி தினக்கூலியில 70 சதவீதம். வேலையில அடிபட்டு லீவுல இருந்தா 90 சதவீதம். சராசரி தினக்கூலி 600 ரூபாய்னா, முதலாவது 420, ரெண்டாவது 540. நாளைக்கு 120 ரூபாய் வித்தியாசம்.

அது மட்டும் இல்ல. உடம்பு சரியில்லாததுக்கான தொகை வேணும்னா, ஆறு மாச சந்தாக் காலத்துல குறைஞ்சது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்கணும். வேலையில அடிபட்டா அந்த நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. போன வாரம் சேர்ந்த கான்ட்ராக்ட் பையனை எடுத்துக்குங்க. நீங்க "பிரஸ் மெஷின்ல கை மாட்டியது"ன்னு எழுதினா, விபத்து நாளைத் தவிர்த்து மூணு நாளாவது வேலை செய்ய முடியாமப் போனா அவனுக்கு நாளைக்கு 540 ரூபாய். "ரூம்ல வழுக்கி விழுந்தார்"னு எழுதினா பூஜ்யம்.

விரலே போயிடுச்சுன்னு வைங்க. ஆள்காட்டி விரல் முழுசா போனா சம்பாதிக்கிற திறன்ல 14 சதவீத இழப்புன்னு சட்டத்தோட அட்டவணையே சொல்லுது. அதே 540-ல 14 சதவீதம்னா நாளைக்கு 75 ரூபாய் 60 காசு. மாசத்துக்கு ஏறக்குறைய 2,270 ரூபாய், ஆயுள் முழுக்க. இருபது வயசுப் பையனுக்கு அது நாற்பது வருஷத்துக்கும் மேல வரக்கூடிய பணம். அதுக்கெல்லாம் அடிப்படை, இது வேலையில நடந்த விபத்துதான்னு காட்டுற முதல் பதிவு.

அந்தப் பதிவை மாத்த ஏன் யாராவது சொல்லணும்? பல கம்பெனி வாசல்ல "விபத்தில்லா நாட்கள்"னு ஒரு போர்டு இருக்கும். 300, 301, 302ன்னு எண் ஏறிட்டே போகும். ஒரு பெரிய காயம் பதிவானா அது பூஜ்யத்துக்கு வந்துடும். பழைய தொழிற்சாலைகள் சட்டத்தோட 88-வது பிரிவுப்படி, அடிபட்டவரால 48 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்ய முடியலைன்னா ஆய்வாளருக்குத் தகவல் போகணும். அதனாலதான் சில இடத்துல கையில கட்டோட ஒருத்தரை மறுநாளே வரவெச்சு, ஒரு நாற்காலியில உட்கார வெச்சு, "லைட் ட்யூட்டி"ம்பாங்க. மேற்பார்வையாளர் கெட்டவரா இருக்கணும்னு அவசியம் இல்ல. அவருக்கும் மேல ஒருத்தர் அந்த எண்ணைக் கேட்டுட்டு இருப்பார்.

அப்போ ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க முன்னாடி வந்து ஒருத்தர் சொல்வார்: "சிஸ்டர், சும்மா ஃபர்ஸ்ட் எய்டுன்னு போட்டுடுங்க." புதுசா சேர்ந்த 22 வயசுப் பொண்ணுக்கு, எதிர்ல நிக்கிறது இருபது வருஷ அனுபவஸ்தர். இதுக்கு நர்சிங் காலேஜ்ல பிராக்டிகல் கிடையாது.

எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணு. நீங்க பார்த்ததையும், அடிபட்டவர் சொன்னதையும் அவர் வார்த்தையிலயே, நேரத்தோட, சம்பவம் நடந்த உடனே எழுதிடுங்க. "வலது ஆள்காட்டி விரல், நுனி நசுங்கல். இரவு 1.50. பிரஸ் லைன் 3-ல கை மாட்டியதாகச் சொன்னார்." காரணத்தை நீங்க தீர்ப்பு சொல்ல வேண்டாம். எழுதினதை அப்பவே டாக்டருக்குப் போன்ல சொல்லிடுங்க. அதுக்கப்புறம் யாராவது மாத்தச் சொன்னா, "டாக்டருக்குச் சொல்லியாச்சு சார், அவர்கிட்ட பேசுங்க"ன்னு முடிச்சுடலாம். சண்டை போட வேண்டியதில்ல. ஈஎஸ்ஐ-க்கு விபத்துப் புத்தகமும் விபத்து அறிக்கையும் தனியா இருக்கு. அறிக்கை அனுப்ப வேண்டியது முதலாளி. ஆனா அதுல இருக்கிற நேரமும் விவரமும் உங்க ரெஜிஸ்டரோட ஒத்துப்போகணும்.

கான்ட்ராக்ட் மாறலாம், ஐடி கார்டு மாறலாம். தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் கொடுத்த பதிவு எண் மட்டும் உங்க பேர்லயே இருக்கும். அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பும் உங்களோடதுதான்.

2021 டிசம்பர் சொல்ற பாடம்

உண்மையான தகவல் வராட்டி என்ன ஆகும்னு இந்த ரூட் ஒரு தடவை பார்த்திருக்கு. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில சாப்பாடு ஒத்துக்காம 159 பேர் ஆஸ்பத்திரியில சேர்க்கப்பட்டாங்க. கூட இருந்தவங்க யார் எங்க இருக்காங்க, எப்படி இருக்காங்கன்னு மத்தவங்களுக்குச் சரியா தெரியல. சிலர் இறந்துட்டாங்கன்னு வதந்தி பரவுச்சு. பொண்ணுங்க ராத்திரியில சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில உட்கார்ந்துட்டாங்க. ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-லதான் திரும்பத் திறந்தது. அதுக்கப்புறம் விடுதி வசதி பெரிய பேச்சாச்சு. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பு திறக்கப்பட்டது.

இதுல நர்ஸுக்கு என்ன இருக்கு? ஒரே விடுதியில இருந்து ஒரே நாள்ல பத்துப் பேர் வயித்துவலின்னு வந்தா, அது பத்து மாத்திரை கொடுத்து அனுப்புற விஷயம் இல்ல. அதை முதல்ல பார்க்கக்கூடிய இடத்துல இருக்கிறது நீங்க. உடனே டாக்டருக்குச் சொல்லணும். தொழிலாளிக்கு உங்க மேல நம்பிக்கை இருந்தாத்தான் அவங்க உங்ககிட்ட வருவாங்க. ஒருத்தி கர்ப்பமா இருக்கிறதை உங்ககிட்ட சொல்லி, அது அன்னைக்கு சாயங்காலமே ஹெச்ஆருக்குப் போச்சுன்னா, அடுத்து ஒருத்தியும் உங்ககிட்ட வாயைத் திறக்க மாட்டா.

அப்போ எது முதல்ல?

ஆஸ்பத்திரி பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னும் சொல்ல முடியாது. தனியார் நர்ஸ்கள் சம்பளம் பற்றிய வழக்குல 2016 ஜனவரி 29-ல உச்ச நீதிமன்றம் ஒரு நிபுணர் குழு அமைக்கச் சொல்லுச்சு. 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற ஆஸ்பத்திரியிலகூட மாசம் 20,000-க்குக் குறையக் கூடாது, 200-க்கு மேல இருந்தா அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் வேணும்னு அந்தக் குழு பரிந்துரைச்சது. பரிந்துரைதான். அதைவிடக் குறைவா வாங்குறவங்க உங்க பேட்ச்லயே இருப்பாங்க.

அரசு வேலைக்கு எம்ஆர்பி அறிவிப்பைப் பார்த்துட்டே இருங்க. ஆனா அங்கயும் தொடக்கம் தொகுப்பூதியம்தான். 2015-ல சேர்ந்தவங்க 7,700 ரூபாய் சம்பளத்துல இருந்துகிட்டு 2017 நவம்பர்ல சென்னை டிஎம்எஸ் வளாகத்துல போராடினதை நினைவுல வெச்சுக்குங்க.

என் கருத்து இதுதான். வீட்டு நிலைமை விட்டா, முதல் ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போங்க, அதுவும் எமர்ஜென்சி வார்டு கிடைச்சா ரொம்ப நல்லது. ரெண்டு காரணம். வளைகுடா வேலைகளுக்குப் பொதுவா ரெண்டு வருஷ ஆஸ்பத்திரி அனுபவம் கேட்பாங்க. கம்பெனி அறை அனுபவத்தை அந்தக் கணக்குல சேர்ப்பாங்கன்னு நம்ப முடியாது. அதைவிட முக்கியம், தனியா நிக்கிற அந்த ராத்திரிக்கு ஒரு நெரிசலான எமர்ஜென்சி வார்டு கொடுக்கிற தைரியம் வேற எங்கயும் கிடைக்காது.

வீட்டு நிலைமை விடலை, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஊரை விட்டு நகர முடியாதுன்னா, தாராளமா கம்பெனிக்குப் போங்க. படிப்பு வீணாகாது. ஆனா சேர்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க:

ராத்திரி ஷிஃப்ட்ல என்கூட யார் இருப்பாங்க, டாக்டர் எவ்வளவு நேரத்துல வருவார்?

பெரிய காயம்னா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், யார் அனுமதி வேணும்?

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அடிபட்டாலும் இதே ரெஜிஸ்டர்தானா?

விபத்து ரெஜிஸ்டரை யார் எழுதுவாங்க, யார் கையெழுத்துப் போடுவாங்க?

ரெண்டாவது கேள்விக்கு "மேனேஜர்கிட்ட கேட்டுட்டுத்தான் அனுப்பணும்"னு பதில் வந்தா கொஞ்சம் யோசிங்க. நாலாவது கேள்விக்கு "அதெல்லாம் சேஃப்டி டிபார்ட்மென்ட் சொல்ற மாதிரி எழுதிக்கலாம்"னு வந்தா, 2,000 ரூபாய் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு வேற இடம் பாருங்க.

எம்பிபிஎஸ் முடிச்சவங்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனி டாக்டரா போக ஆசை இருந்தா ஏஎஃப்ஐஎச்னு ஒரு மூணு மாசப் படிப்பு இருக்கு. தரமணியில இருக்கிற பிராந்தியத் தொழிலாளர் நிறுவனத்துல விசாரிக்கலாம். ராத்திரி போனை எடுக்கிற டாக்டரா இருந்தீங்கன்னாலே, அந்த அறையில தனியா இருக்கிற நர்ஸுக்குப் பாதி பலம்.

இந்த வேலையில ஏற்கனவே இருக்கிறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா, முதல் ராத்திரி ஷிஃப்ட்டுக்கு முன்னாடி உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாமேன்னு நினைக்கிற ஒரு விஷயத்தை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. கம்பெனி பேர் வேண்டாம், உங்க பேரும் வேண்டாம். அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம்.